சிறுநீரகம்: பெயரும் பணியும்

பிரிஞ்சாங் மலையில் காலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் எவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. முதல் பாடவேளை தொடங்கி அரைமணி கழியுமுன்னரே மூன்று நான்கு சிறுவர் கை தூக்குவர், "ஐயா, வெளியே போகலாமா?" என்பர். சற்றே பொறுக்கச் சொன்னால் இருக்கையில் நெளிவர். கீழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து மாற்றலாகி இங்கு வரும் இளம் ஆசிரியர்கள், இது பாடத்திலிருந்து நழுவும் தந்திரம் என்று முதலில் எண்ணுவதுண்டு. அஃது அவ்வாறன்று. குளிரில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்வெப்பம் வெளியே போகாமற் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அங்கிருந்து விலகிய இரத்தம் உடலின் நடுப்பகுதியிற் சேர்கிறது. உடல் அதனை நீர் மிகுதி என்று கொள்ளுகிறது; மிகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுகின்றன. சிறுவர்மேல் பிழையில்லை, மலைக் குளிரின் வேலை அது.

இயற்கையான இந்நிகழ்ச்சி எங்கள் ஊரில் ஒரு தீமைக்கும் இடங்கொடுத்துவிடுகிறது. இரவில் பலமுறை எழுந்து நீர் கழிக்கும் பெரியவர்கள் எல்லாரும் குளிரையே குற்றஞ்சாட்டுகின்றனர். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். இரவில் நான்கைந்து முறை எழுவதாகச் சொல்வார். "குளிரு வாத்தியாரே, வேற என்ன? கீழே மவ வீட்டுக்குப் போனா சரியாயிரும்" என்பார். ஈப்போவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கியபோதும் எழுந்துகொண்டுதான் இருந்தார். அதை அவரும் எண்ணிப் பார்க்கவில்லை, கேட்டிருந்த நானும் எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்த எனக்கே அது தோன்றாமற் போயிற்று என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பிறகு கால் வீங்கிற்று, உணவு வேண்டாதாயிற்று, ஒருநாள் மூச்சு முட்டி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். இரு சிறுநீரகங்களும் ஏறத்தாழ முற்றும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் கூறினர். பார்க்கச் சென்ற என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "நீருதான் நல்லாப் போவுதே வாத்தியாரே, கிட்னி எப்படிக் கெட்டிருக்கும்?"

அவர் வினா அறியாமையன்று. நம் மொழியில் அவ்வுறுப்புக்கு வழங்கும் பெயரே அவ்வினாவை எழுப்புகிறது. சிறுநீரகம் என்பது காரணப்பெயர். சிறுநீருக்கு அகமாக இருப்பது என்னும் பொருளது. நான்காம் ஆண்டு அறிவியலில் கழிவகற்றலைப் படிப்பிக்கும் நாமும், 'சிறுநீரகம் சிறுநீரை வெளியேற்றுகிறது' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் சிறுநீர் அவ்வுறுப்பின் நோக்கமன்று, எச்சம். தேயிலைத் தொழிற்சாலையில் கடைசியில் தூசியும் நாரும் கழிகின்றன என்பதற்காக அதனைத் தூசித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. இறைச்சிக் கடையில் இன்றும் வழங்கும் குண்டிக்காய் என்ற சொல், நாகரிகக் குறைவாகத் தோன்றினும், இவ்வகையில் யாரையும் ஏமாற்றுவதில்லை. பெயரை மாற்ற வேண்டுமென்பது என் கருத்தன்று. இரத்தத்தின் நிலையைக் காப்பதே அவ்வுறுப்பின் பணி என்பதைப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்பணி எத்தகையது? முதுகெலும்பின் இருமருங்கும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரைவிதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராம் எடை. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இவ்விரு சிற்றுறுப்புகளுக்கே செல்கிறது. நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேல் என்று கொள்ளலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது நுண்ணிய வடிப்பான். அதன் தலைப்பில் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஒரு முடிச்சாகச் சுருண்டிருக்கும். இரத்தத்தின் அழுத்தத்தால் நீரும் அதில் கரைந்த பொருள்களும் அம்முடிச்சிலிருந்து வடிகின்றன. இரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நின்றுவிடுகின்றன.

இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 180 லிட்டர்! பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளந்தால் பத்துத் தகரம். உடலிலுள்ள இரத்தம் முழுவதுமே ஐந்து லிட்டர் அளவினது. அப்படியாயின் பத்துத் தகரம் எங்கிருந்து வந்தது? ஒரே நீர்தான் திரும்பத் திரும்ப வடிக்கப்படுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி ஒரே நாளில் அறுபது முறை இந்த வடிப்பான்களைக் கடந்து போகிறது. வடிந்த 180 லிட்டரில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளிப்படுகிறது. எஞ்சியதை முடிச்சை அடுத்துள்ள நீண்ட குழல் மீண்டும் இரத்தத்துக்கே எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையை முழுவதும் எடுத்துக்கொள்ளும். உப்பில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டி, வேண்டியவற்றைப் பொறுக்கி உள்ளே வைக்கும் முறை இது. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் நம் பெண்மக்கள் செய்வதும் இதுவே.

இவற்றோடு அதன் வேலை தீர்ந்துவிடவில்லை. இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சைக்கு ஆணையனுப்பும் சுரப்புநீர் சிறுநீரகத்தில் பிறக்கிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றியிறக்கும் ரெனின் அங்கிருந்து வருகிறது. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' முழு ஆற்றல் பெறுவதும் அங்கேதான். ஆதலின் சிறுநீரகம் கெட்டவர் வெளிறிப் போவதும், இரத்தக் கொதிப்பு ஏறுவதும், எலும்பு நோவதும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே வேரின் கிளைகள்.

இனிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். நீர் போவது வேறு, கழிவு போவது வேறு. வடிப்பான்கள் பல அழிந்தபின்பு எஞ்சியவை அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகின்றன. அவசரத்தில் ஓடும் வடிநீரிலிருந்து தண்ணீரை மீட்டெடுக்க அவற்றால் இயலுவதில்லை. நல்ல சிறுநீரகம் இரவில் நீரைச் சுருக்கி, சிறிதளவில் மிகுந்த கழிவை அடக்கித் தந்துவிடும். அதனாலன்றோ நாம் விடியும்வரை உறங்குகிறோம். கெட்ட சிறுநீரகத்தால் அவ்வாறு சுருக்க இயலாது. இரவும் பகலும் ஒரே தன்மையாய், கழிவு குறைந்த வெறும் நீரைக் கழித்துக்கொண்டிருக்கும். பெரியவர் நன்றாய்ப் போகிறது என்று மகிழ்ந்த நீர் அதுவே. அளவு குறையவில்லை, உள்ளடக்கம் குறைந்துவிட்டது.

அவருடைய இரவெழுச்சிக்குத் தொடக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவை ஒட்டி மீறும்போது, அதனை முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்ளும் திறன் குழலுக்கு இல்லை. எஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. நம் மக்கள் இந்நோயை 'இனிப்பு நீர்' என்று அழைப்பது மிகப் பொருத்தமே. நீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டே முன்னோரும் இதனை அறிந்தனர். இக்காலத்துக் கழிப்பறையில் எறும்புக்கு வாய்ப்பில்லை. குளிர் நாட்டில் ஐயத்துக்கும் வாய்ப்பில்லை.

இத்தனை பெரிய கேடு எப்படி ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாமல் இருக்கிறது என்று கேட்கலாம். பள்ளி நடத்தியவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. பத்து ஆசிரியர் உள்ள பள்ளியில் இருவர் மாற்றலாகிப் போய்விட்டால் எஞ்சிய எண்மர் அவர்கள் வகுப்பையும் சேர்த்து நடத்துவர். மணி அடிக்கும், பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பர், வாயிலில் நின்று பார்ப்பவருக்குக் குறையொன்றும் தெரியாது. இன்னும் இருவர் போவர், அறுவர் சுமப்பர். சுமந்த களைப்பாலேயே அவ்வறுவருள் ஒருவர் நோயில் விழுவார். பள்ளி நடக்கவில்லை என்று ஊருக்குத் தெரியும் நாளில் ஆசிரியர் ஒருவரோ இருவரோதாம் இருப்பர். சிறுநீரகத்தின் கதையும் இதுவே. ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர் மற்றொன்றைக்கொண்டே நலமாக வாழ்கிறார். அவ்வளவு மிகை ஆற்றலை இயற்கை வைத்திருக்கிறது. அந்த மிகையே நோயை மறைத்தும்விடுகிறது. பாதித் திறன் போனவர்க்கும் பெரும்பாலும் நோவில்லை. 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் வாந்தி, அரிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் ஒருங்கே வருகின்றன.

வாயிலில் நின்று பார்ப்பதாற் பயனில்லை. பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். முதன்முதல் அப்பதிவேட்டைத் திறந்தவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட். உடல் வீங்கி இறந்தோர் சிலரின் சிறுநீரகங்கள் சுருங்கிக் கெட்டிருந்ததையும், உயிரோடிருந்தபோது அவர்களின் சிறுநீரைச் சூடாக்கினால் அது திரண்டதையும் இணைத்து 1827-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அவருடைய கருவி ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும். திரண்டது ஆல்புமின் என்னும் புரதம். சூட்டில் முட்டையின் வெண்கரு திரள்வது போன்றதே. உள்ளே நிற்க வேண்டிய புரதம் வெளியே கசிகிறது என்றால் வடிப்பானின் துணி கிழிந்திருக்கிறது என்று பொருள். இன்று கரண்டிக்கு மாறாக ஒரு தாள்பட்டை. நனைத்தால் நிறம் மாறும். மேலும் நுட்பமாக அளக்கும் சோதனைகளும் உண்டு. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கண்டு, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்பது கிடைக்கும். 90-க்கு மேல் இருப்பது நன்று. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று நிறைவடையலாகாது. மெலிந்த முதியவர்க்குத் தசை குறைவாதலின், வடிதிறன் வெகுவாகக் குறைந்தபின்னும் அவ்வெண் ஒழுங்காகவே தோன்றும். இரு சோதனையும் சேர்ந்தே வேண்டும்.

மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வில், வயது வந்தோரில் 15.48 விழுக்காட்டினர்க்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2011-இல் இவ்வளவு 9.07 விழுக்காடாக இருந்தது. இவ்விரு எண்களைவிட என்னை அதிரவைத்தது இன்னோர் எண்: நோயுடையோர் நூற்றுவரில் ஐவர் மட்டுமே தமக்கு அந்நோய் உண்டென்பதை அறிந்திருந்தனர். என் நண்பர் அறியாத தொண்ணூற்றைவரில் ஒருவர்.

காரணங்களுள் முதல் நிற்பது இனிப்பு நீர். இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நோயால் சிறுநீரகம் இழந்தவர்களே. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டெனக் கூறிற்று. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை அறியாதவர்கள். இந்தியர்களை மட்டும் பிரித்து நோக்கின் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரிலும் மிகுதி. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 எனக் குறைந்து காணப்பட்டது உண்மை. எனினும் நம் வீடுகளில் மூவர் அமர்ந்து உண்ணும் மேசையில் ஒருவர் என்ற கணக்கை ஒட்டி நிற்கும் சமுதாயம் ஆறுதல் அடைவதற்கில்லை. கட்டிப்பால் ஊற்றிய தேநீரை ஒரு நாளைக்கு ஐந்து முறை அருந்துவது குளிர்நாட்டில் விருந்தோம்பலாகிவிட்டது. தேயிலை வளரும் ஊரில் தேயிலையின் சுவை அறிந்தவர் சிலரே. நாம் அறிந்தது பாலின் இனிப்பைத்தான்.

சர்க்கரை எவ்வாறு வடிப்பானைக் கெடுக்கிறது? தொடக்கத்தில் கெடுப்பதாகத் தோன்றாது. வேலை கூடுவது போலவே தோன்றும். முடிச்சுக்குள் அழுத்தம் ஏறி, வடிநீர் வழக்கத்தைவிட மிகும். ஆண்டுகள் செல்லச் செல்ல முடிச்சின் சுவர் தடிக்கிறது. துளைகள் சிதைந்து ஆல்புமின் கசிகிறது. இறுதியில் முடிச்சே தழும்பாகிக் கெட்டிப்படுகிறது. தழும்பான முடிச்சு மீள்வதில்லை. நோய் தொடங்கிக் கசிவு தோன்றப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாண்டுகளே நமக்குக் கிடைக்கும் தவணை.

இரண்டாம் காரணம் இரத்தக் கொதிப்பு. நாட்டில் வயது வந்தோர் பதின்மரில் ஏறக்குறைய மூவர்க்கு இது உண்டு. கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் கொதிப்பை ஏற்றும். ஒன்றையொன்று துரத்தும் வளையம் இது. கருவாடும் ஊறுகாயும் பொட்டல மீயின் உப்புத்தூளும் இவ்வளையத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன. சிறுநீரகத்திலே பிறக்கும் அழற்சி நோய்கள், பிறவியிலேயே நீர்ப்பைகள் நிறைந்த சிறுநீரகம், கல் அடைப்பு ஆகியனவும் காரணங்களே. ஆயினும் முன்னிரண்டோடு ஒப்ப இவை சிறுபான்மை.

நம் கையாலேயே நாம் செய்துகொள்ளும் தீங்கைப் பற்றிச் சற்று விரித்தே கூறவேண்டும். மலைச்சரிவில் முப்பதாண்டு கொழுந்து பறித்த பெண்மணிகளுக்கு முழங்கால் நோவு இல்லாமலிராது. கடையில் வாங்கிய நோவு மாத்திரையை நாள்தோறும் விழுங்குவோர் பலர். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபினாமிக் அமிலம் முதலியன அவ்வகையின. முடிச்சுக்குள் நுழையும் குழாயை விரித்து வைத்திருக்கும் ஒரு பொருளை இவை உண்டாகாமல் தடுக்கின்றன. குழாய் சுருங்கி, வடிப்பானுக்கு இரத்தம் குறைகிறது. நலமுள்ளவர் இரண்டொரு நாள் உண்பதால் பெருங்கேடு இல்லை. இனிப்பு நீரும் கொதிப்பும் உடைய முதியவர் மாதக்கணக்கில் உண்பது வேறு. அவர்களுக்குப் பாராசிட்டமால் அளவோடு உண்பதே பொருந்தும்.

மூலிகை என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டு பிரசல்ஸ் நகரில், உடல் மெலிய ஒரு மூலிகைக் கலவை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர். சிலர்க்குப் பின்னர்ச் சிறுநீர்க்குழாயில் புற்றுநோயும் தோன்றிற்று. கலவையில் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி சேர்ந்துவிட்டதே காரணம். நம் நாட்டு மருந்துகளில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. சித்த மருத்துவத்தின்பால் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் பெயர் ஒட்டாத புட்டியில், அஞ்சலில் வரும் 'கிட்னி சூரணம்' சித்த மருத்துவமாகாது.

மேற்கூறியவை மெல்லக் கொல்பவை. திடீரெனக் கெடுப்பனவும் உண்டு. தோட்டப்புறத்தில் அஞ்சத்தக்கது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி, காலிலுள்ள புண் வழியே உடலிற் புகுந்துவிடும். காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, பின்பு மஞ்சள்நிறம், நீர் குறைதல் என்று வளரும். நம் பகாங் மாநிலத்து லூபோக் யூ ஆற்றில் 2010-ஆம் ஆண்டு, மூழ்கியவரைத் தேடி நீரில் இறங்கிய மீட்புக் குழுவினரை இந்நோயும் மண்ணில் வாழும் வேறொரு கிருமியும் ஒருங்கே தாக்கி உயிர்ச்சேதம் விளைத்தன. எனினும் காலத்தில் மருந்து கொடுத்தால், இவ்வாறு திடீரென நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டும் இயங்கத் தொடங்கும். தழும்பாகிப் போனதற்கும் அதிர்ச்சியால் நின்றதற்கும் உள்ள வேறுபாடு அது.

கேமரன் மலையில் சிறுநீரகப் பேச்சு எடுத்தவுடனே, "எல்லாம் காய்கறித் தோட்டத்து மருந்தால் வருவது" என்று சொல்லி முடிப்போர் உளர். இப்பேச்சுக்கு இலங்கைச் செய்தி ஒரு காரணம். அந்நாட்டின் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா முதலிய நெல்வயற் பகுதிகளில், இனிப்பு நீரும் கொதிப்பும் இல்லாத உழவர்கள் நடுவயதிலேயே சிறுநீரகம் கெட்டு மடிவது 1990-களில் கண்டறியப்பட்டது. கிணற்று நீரிலுள்ள சுண்ணமும் ஃபுளோரைடும், பூச்சிமருந்து, உலோகங்கள், வெயிலில் நீர்வற்றி உழைத்தல் எனப் பலவும் ஐயுறப்பட்டன. ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. 2015-இல் அந்நாட்டு அரசு கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தடைசெய்தது. களை பெருகிய தேயிலைத் தோட்டங்கள் முறையிட, 2018-இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இவ்வகை நோய் உண்டு. கரும்பு வெட்டுவோர்க்கு நீரும் நிழலும் ஓய்வும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகக் கேடு குறைந்ததாகக் கண்டனர். இவை யாவும் கடும் வெயில் நாட்டு உழவர் நோய்கள். மருந்து தெளிப்போர் முகத்திரையும் கையுறையும் அணிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிறர் தோட்டத்து மருந்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, நம் வீட்டுக் கட்டிப்பால் டின்னைத் திறந்துகொண்டிருப்பது நேர்மையான ஆராய்ச்சியாகாது.

தவணைக் காலத்தில் கண்டுபிடித்தால் என்ன செய்யலாம்? சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பதோடு, கசிவைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. பிரேசில் நாட்டு ஜராராக்கா பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகத் தோன்றிய மருந்தினம் ஒன்று; அவ்வினத்துக் கேப்டோபிரில் நீரிழிவாளரின் சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துவது 1993-இல் மெய்ப்பிக்கப்பட்டது. மற்றொன்று விந்தையானது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்னும் பொருளுக்குச் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கும் தன்மை உண்டு. அதன் வழிவந்த இக்கால மருந்துகள், குழல் சர்க்கரையைத் திரும்ப எடுப்பதைத் தடுக்கின்றன. முடிச்சின் அழுத்தமும் தணிகிறது. 2019-இலும் 2020-இலும் வெளியான பெரிய ஆய்வுகள், இவை சிறுநீரகத்தைக் காப்பதை உறுதிசெய்தன. இனிப்பு நீர் என்று நாம் அஞ்சியதையே மருத்துவர் மருந்தாக்கிவிட்டனர்!

தவணை தவறியவர்க்கு எஞ்சுவது இயந்திரமோ மாற்றுச் சிறுநீரகமோதான். நெதர்லாந்தின் கம்பன் என்னும் சிற்றூரில், செர்மானியர் ஆட்சியின் இடையே, வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-இல் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழலை மர உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். முதலில் வந்த நோயாளிகள் ஏறத்தாழ எல்லாரும் இறந்தனர்; 1945-இல் ஒரு மூதாட்டி பிழைத்தார். இன்று மலேசியாவில் 50,000 பேருக்கு மேல் இரத்தச் சுத்திகரிப்பால் வாழ்கின்றனர். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி. ஒரு முறைக்குச் சுமார் 120 லிட்டர் தூயநீர். வாரத்தின் 168 மணியும் ஓயாத உறுப்பின் வேலையைப் பன்னிரண்டு மணியில் முடிக்க முயல்கிறோம். முழுமை எங்ஙனம் கிட்டும்? வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிக்கும் முறையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தூய்மையான அறையும் பொறுமையும் வேண்டும். உறுப்பு மாற்றம் 1954-இல் பாஸ்டனில் இரட்டையரிடையே வெற்றி கண்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இலும், கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975-இலும் செய்யப்பட்டது. கொடுப்போர் குறைவாதலின் காத்திருப்போர் வரிசை நீளுகிறது.

என் நண்பர் மலையைவிட்டு இறங்கிவிட்டார். வளைந்து வளைந்து செல்லும் பாதையில் வாரம் மூன்று முறை, அதுவும் மழைக்காலத்து மண்சரிவுக்கிடையில், போய்வர அவரால் இயலாது. மகள் வீட்டில் ஒரு கட்டில். இப்போது அவருக்கு நீர் அநேகமாக நின்றுவிட்டது. இயந்திரத்துக்குப் போவோர்க்குக் காலப்போக்கில் பெரும்பாலும் அவ்வாறே ஆகும். உண்ணும் நீரை அளந்து உண்ண வேண்டும். ஒரு தேநீர்க் குவளையை மூன்று வேளையாகப் பகுத்துக்கொள்கிறார். நலம் விரும்பி வருவோர் கொண்டுவரும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் அவருக்கு நஞ்சு; அவற்றிலுள்ள பொட்டாசியத்தைக் கழிக்க வழியில்லாதபோது இதயம் நின்றுபோகலாம். 'பெலிம்பிங்' என்று சாலையோரத்தில் விற்கும் நட்சத்திரப் பழம் அதனினும் கொடிது. சிறுநீரகம் கெட்டவர் உண்டால் நில்லாத விக்கலும் மனக்குழப்பமும் வலிப்பும், சில வேளை சாவும் நேரும். நோயாளியைப் பார்க்கச் செல்வோர் வெறுங்கையோடு செல்வதே நன்று.

தந்தைக்கு இந்நோய் வந்தமையால் மக்களுக்கும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் கூறியதன்பேரில், மகளும் அரசுச் சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொண்டார். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானக் குடும்பத்தினரில் 40 வயது கடந்தவர்க்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இரத்தமும் சிறுநீரும் இலவசமாகவே சோதிக்கப்படுகின்றன. அவருக்குச் சர்க்கரை இருந்தது; ஆல்புமின் சிறிதே கசிந்தது; வடிதிறன் 80-க்கு மேல். இரண்டு மாத்திரைகள் கொடுத்திருக்கின்றனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறார். சென்ற மாதம் நானும் போய் வந்தேன்.